தழிஞ்சியும் மனைவிதியும்

முன்னுரை

புறத்திணை நூல்கள் போரை எங்ஙனம் பாடுதல் வேண்டும் என விதிக்கின்றன. எங்ஙனம் செய்தல் வேண்டும் என விதிப்பனவல்ல. இவ்வேறுபாட்டைப் புறத்திணை ஆராய்வோர் பலகாலும் எடுத்துக்காட்டுவர். அது பொருத்தமுடையதே. எனினும், ஒரு செயலைப் பாடும் முறையை வரையறுக்கும் நூல், அச்செயலுள் எது பாடத்தக்கது, எது தகாதது என்பதனையும் உடன் வரையறுக்கின்றது. ஆதலின் பாடல்விதி செயல்விதியையும் ஒருவாற்றான் தன்னுள் அடக்கியுள்ளது என்பது இக்கட்டுரையின் துணிபு.

இத்துணிபை நிறுவுதற்கு ஈண்டு எடுத்துக்கொள்ளப்படும் ஒப்புமைப் பொருள் தமிழாராய்ச்சிக்குச் சிறிது புதியது. அது, நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கற்பனை மாந்தனின் வேடத்தைச் சொல்லளவில் ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டமாகும். அவ்வாட்டத்திற்குப் போர்விதி கூறும் நூல்கள் உள்ளன. அந்நூல்விதிகளைத் தத்தம் மேசைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. ஆடுவோர் அம்மாற்றங்களை ‘ஹவுஸ் ரூல்ஸ்’ என வழங்குவர். யாம் மனைவிதி என வழங்குவோம். நூல்விதிக்கும் மனைவிதிக்கும் உள்ள உறவு, தொல்காப்பியத்திற்கும் அதன்பின் எழுந்த புறப்பொருள் வெண்பாமாலைக்கும் உள்ள உறவைத் தெளிவுறக் காட்டுவதாயிருத்தலின், அதனை ஆராய்தல் வீண் முயற்சியன்று.

மணிமங்கலம் என்னும் களம்

ஆராய்ச்சியைத் தொடங்குதற்கு ஏற்றதோர் இடம் தொண்டை நாட்டிலேயே உள்ளது. தாம்பரத்தினின்று திருப்பெரும்பூதூர்க்குச் செல்லும் வழியில் அமைந்தது மணிமங்கலம். இன்று அதனைச் சூழ்ந்த நிலம் பெருந்தொழில் நிலம். ஹூண்டாய் ஆலை 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் கார்களை ஆக்கி வருகின்றது. ரெனோ–நிசான் கூட்டு ஆலை 2010இல் ஒரகடத்தில் திறக்கப்பெற்றது. சுங்குவார்சத்திரம் வரையில் மின்னணுப் பொருள்களின் ஆலைகள் நிரலே நிற்கின்றன. இரவு முறைக்கு ஆளேற்றிச் செல்லும் பேருந்துகள் ஓடும் இச்சாலையோரத்தில், ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனுக்கும் சளுக்கியன் இரண்டாம் புலிகேசிக்கும் போர் நிகழ்ந்தது. 642ஆம் ஆண்டில் பல்லவர் வாதாபியைக் கைக்கொள்ளுதற்கு முன்னர் நிகழ்ந்த போர்களுள் இஃது ஒன்று.

இப்போரைக் கூறும் கூரம் செப்பேட்டின் வடமொழிப் பகுதி ஓர் அரிய கற்பனையை உடையது. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய களங்களில் புலிகேசி புறங்காட்டினான் என்றும், அவன் முதுகையே ஏடாகக் கொண்டு நரசிம்மன் வெற்றி என்னும் பொருள்படும் எழுத்துக்களைப் பொறித்தான் என்றும் அது புகழ்கின்றது. ஓடுவோன் முதுகு வென்றோனுக்கு எழுதும் ஏடாயிற்று.

மணிமங்கலத்திற்கே உரிய மற்றொரு சான்றும் உண்டு. 1067ஆம் ஆண்டை ஒட்டிய வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அவ்வூர்க் கோயிலில் உள்ளது. களம் குறித்து ஓலை விடுத்த சளுக்கிய வேந்தன் ஆகவமல்லன் குறித்தவாறு வாராதொழிய, சோழன் அக்களத்தில் ஒரு திங்கள் காத்திருந்தான் என அது கூறும். பகைவன் இல்லாத நாட்டைப் பற்றிக்கொள்ளுதலே போரின் பயன் எனின், ஒரு திங்கள் காத்திருத்தல் வீண். குறித்த களத்தில், குறித்த காலத்தில், எதிர்நின்று பொருதலே போர் என்னும் கொள்கை அவ்வேந்தன்பால் இருந்தது. அல்லது அக்கொள்கையால் தான் புகழப்பெறுதல் வேண்டும் என்னும் விருப்பமேனும் இருந்தது. இவ்விரண்டனுள் எதுவாயினும் நம் ஆராய்ச்சிக்கு ஏற்றதே. பாடப்பெறும் முறை செய்யும் முறையை ஆள்கின்றது என்பதற்கு அது சான்றாதல் காண்க.

ஆக, ஒரே ஊரின் பெயரால் இரு வினாக்கள் எழுகின்றன. எதிர்த்து வாராதவனை என் செய்வது? புறங்கொடுத்து ஓடுவோனை என் செய்வது? போர்விதி கூறும் எந்நூலும் இவ்விரண்டற்கும் விடை கூறியே தீரல் வேண்டும்.

ஆட்டநூலும் அதன் போர்விதியும்

வேடமேற்றாடும் ஆட்டங்களுள் முதன்முதலாக அச்சிடப்பெற்று விலைக்கு வந்தது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பதாகும். அமெரிக்க நாட்டின் கேரி கைகாக்சும் டேவ் ஆர்னெசனும் இயற்றிய இந்நூல் 1974இல் மூன்று சிறு சுவடிகளாக வெளிவந்தது. அதற்கு முன்னர் 1971இல் கைகாக்சும் ஜெஃப் பெரனும் வெளியிட்ட ‘செயின்மெயில்’, சிறு பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடும் போராட்டத்திற்குரிய நூல். அதற்கும் முன்னர், 1824இல் பிரசிய அதிகாரி ரைஸ்விட்சு தம் நாட்டுப் படைத்தலைவர்க்கு அளித்த போர்ப்பயிற்சி ஆட்டம் இருந்தது. அவ்வாட்டத்தில் விதிகள் பெருகி ஆட்டம் தளர்ந்தமையின், 1876இல் ஃபெர்டி து ஃபெர்னுவா என்பார் விதிப்பட்டிகளைக் குறைத்து நடுவரின் தேர்ச்சிக்கே தீர்ப்பை விடுதல் தகும் என வாதித்தார். நூலா, நடுவரா என்னும் வழக்கு இவ்வாட்டங்களுக்கு முன்னரே தோன்றியது என்பது இதனாற் பெறப்படும்.

1974ஆம் ஆண்டு நூலின் போர்விதி எளியது. ஒவ்வொரு பாத்திரத்திற்கும் உயிரளவு ஓர் எண்ணாகக் குறிக்கப்படும். அடிப்போன் இருபது முகப் பகடையை உருட்டுவான். எதிரியின் கவசத்திற்கேற்ற எண் வரின் அடி பட்டதாகும். பட்ட அடிக்கு மற்றொரு பகடை உருட்டி, வந்த எண்ணை உயிரளவினின்று கழிப்பர். அளவு இன்மையை எய்தின் பாத்திரம் மாயும். இருபது முகப் பகடையாலாய இம்முறையை அந்நூல் ‘செயின்மெயில்’ விதிக்கு மாற்றாகவே கூறியது. நாளடைவில் மாற்றே முதலாயிற்று; முதலாயிருந்தது வழக்கிறந்தது.

அச்சுவடிகளின் இறுதிப்பகுதி, நூலுட் கூறப்படாதவற்றை ஆட்டம் நடத்துவோரே தம் கற்பனையால் ஆக்கிக்கொள்க என்னும் கருத்தினது. ஆனால் 1978, 1979ஆம் ஆண்டுகளில் அதே ஆட்டத்தின் விரிந்த நூல்கள் வெளிவந்த காலத்துக் கைகாக்சு வேறோர் நிலையை மேற்கொண்டார். மேசைதோறும் விதி வேறுபடின் பொதுவான ஆட்டம் ஒன்று இல்லையாகிவிடும் என்பது அவர் கவலை. மனைவிதியை வரவேற்ற நூலாசிரியரே பின்னர் அதனைக் கட்டுப்படுத்த முனைந்தமை கருதத்தக்கது.

புறனடையும் வழுவமைதியும் வழுவும்

மனைவிதி அனைத்தும் ஓரினத்தன அல்ல. அவற்றை வகுத்தற்குத் தமிழிலக்கணக் கலைச்சொற்களே போதியன.

தொல்காப்பியத்தில் எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமும் புறனடையோடு முடிகின்றன. கூறாதொழிந்தன வழக்கிலும் செய்யுளிலும் வரின், கூறியவற்றின் நெறியை அடியொற்றி அவற்றை அமைத்துக்கொள்க என்பது புறனடையின் கருத்து. புறனடை உரிமையை அளிக்கின்றது. அளிக்கும்பொழுதே அதற்கு எல்லையும் இடுகின்றது. நூல் வாய்வாளாதிருக்கும் இடத்து, நூலின் நெறியால் வாய் திறப்பதே அது. ஆட்டத்திலும் இவ்வகை உண்டு. பாத்திரம் ஒன்று விளக்கின் எண்ணெயை எதிரிமேல் ஊற்றித் தீயிடுமாயின், அவ்வாறு செய்தற்கு நூலில் விதி இல்லாதவிடத்து, ஒத்த செயலின் விதிகொண்டு நடத்துநர் தீர்ப்பளிப்பர். இது புறனடை.

வழுவமைதி வேறு. விதிக்கு மாறானது என அறிந்தே, வழக்கு நோக்கியும் பயன் நோக்கியும் அமைத்துக்கொள்வது அது. வழுவோ எனின், அறியாமையாலோ தன்னலத்தாலோ விளைவது. தோற்கும் நிலையில் உள்ளவர் ‘எங்கள் ஊரில் இப்படித்தான்’ என்று ஆட்டத்தின் நடுவே எடுத்துரைக்கும் விதி பெரும்பாலும் வழுவேயாம்.

இவ்வேறுபாட்டை அறியத் தாயம் ஆடுவோரை நோக்கின் போதும். தாயம் விழுந்தன்றிக் காய் இறங்காது என்பது பெரும்பான்மை வழக்கு. எவ்வெண்கள் விழுந்தால் மறுமுறை உருட்டலாம், எதிரியின் காயை ஒருமுறையேனும் வெட்டாதவன் உட்கட்டத்துள் நுழையலாமா என்பவற்றில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. பல மாவட்டத்தாரும் ஒரே விடுதியில் தங்கி உழைக்கும் ஒரகடம் போன்ற இடங்களில் தாயக்கட்டம் வரையப்படுமாயின், காய் இறங்குமுன் விதி இறங்கல் வேண்டும். தொடக்கத்தில் யாவரும் ஒப்பினால் அது வழுவமைதி. இடையில் ஒருவர் புகுத்தினால் அது வழு. ஒரே விதி சொல்லப்படும் காலத்தால் வேறுபடுகின்றது.

வழுவமைதி இலக்கணமாக உயர்ந்தமைக்கு ஆட்ட வரலாற்றில் தக்க சான்று ஒன்று உண்டு. இருபது முகப் பகடையில் இருபதே விழுமாயின் அடியின் வலி இரட்டிக்கும் என்னும் விதி 1974ஆம் ஆண்டு நூலில் இல்லை. 1975இல் வெளிவந்த, எம். ஏ. ஆர். பார்க்கர் இயற்றிய ‘எம்பயர் ஆஃப் தி பெட்டல் துரோன்’ என்னும் ஆட்டநூலில் அது காணப்படுகின்றது. மேசைதோறும் அது பரவியது. 1979இல் கைகாக்சு அதனை வெளிப்படையாக மறுத்தார். அவ்வுரிமை பகைவர்க்கும் அளிக்கப்பட நேரும். நேரின் ஆடுவோரின் பாத்திரங்களே விரைவில் மாயும் என்பது அவர் கூற்றின் சாரம். கணக்கு அவர் பக்கமே. இருபது விழும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து. நான்கு பகைவர் ஐந்து சுற்று அடிப்பாராயின் இருபது உருட்டல். அவற்றுள் ஒருமுறையேனும் இருபது விழும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு அறுபத்துநான்கு. பகைவன் ஒரு போரில் தோன்றி மறைபவன். பாத்திரமோ ஒவ்வொரு போரிலும் நிற்பது. ஆகவே பேரடி விதியின் சுமை பாத்திரத்தின்மேலேயே மிகும்.

கணக்கு இங்ஙனமாகவும் வழக்கு வென்றது. 1989ஆம் ஆண்டுப் பதிப்பு அதனை வேண்டுவோர் கொள்ளத்தக்க விதியாக ஏற்றது. 2000ஆம் ஆண்டுப் பதிப்பு அதனை நூல்விதியாகவே ஆக்கியது. ஆடுவோர் விரும்பியது வெற்றியின் அளவையன்று. பகடை திரும்பும் அவ்வொரு நொடியின் வியப்பையே என்பது இதனால் விளங்கும். சுவை நோக்கி எழுந்த வழக்கிற்கு, நலம் நோக்கி எழுந்த இலக்கணம் இடங்கொடுத்தது.

ஏழும் பன்னிரண்டும்

இனிப் புறத்திணைக்கு வருவோம். தொல்காப்பியர் புறத்திணை ஏழென்றார். வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண் என்பன அவை. ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலை பன்னிரண்டாக விரித்தது. இவ்விரிவு பன்னிரு படலம் என்னும் இறந்துபட்ட நூலின் வழியது என்பர். 1895இல் உ. வே. சாமிநாதையர் வெண்பாமாலையைப் பதிப்பித்தபின் இரு முறைகளையும் ஒப்புநோக்குதல் எளிதாயிற்று.

விரிவின் இயல்பை நோக்குவோம். ஆநிரை கோடலும் அதனை மீட்டலும் தொல்காப்பியத்தில் வெட்சி என்னும் ஒரு திணையுள் அடங்கும். வெண்பாமாலை மீட்டலைக் கரந்தை எனப் பிரித்தது. மதிலை வளைத்தலும் காத்தலும் அங்கு உழிஞை. ஈண்டுக் காத்தல் நொச்சியாயிற்று. நிலையாமை பற்றிய காஞ்சி, வஞ்சியை எதிர்த்துக் காத்து நிற்கும் போராக மாறியது. ஒவ்வொரு தாக்குதற்கும் ஓர் எதிர்நிலையும், ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பூவும் அமைதல் வேண்டும் என்னும் சமன்பாடே இம்மாற்றங்களை இயக்கியது. இரு பக்கமும் பெயருடையனவாதல் ஆட்டத்திற்கு இன்றியமையாத இயல்பு. ஆதலின் வெண்பாமாலை முறை, களத்தில் நின்று ஆடுவோர்க்கு வாய்ப்புடைய முறை எனலாம்.

ஆனால் பெற்றதனோடு இழந்ததும் உண்டு. தொல்காப்பிய முறையில் ஒவ்வொரு புறத்திணையும் ஓர் அகத்திணைக்குப் புறனாய் நின்றது; வெட்சி குறிஞ்சிக்கும், வஞ்சி முல்லைக்கும், உழிஞை மருதத்திற்கும், தும்பை நெய்தற்கும் புறன். பன்னிரண்டாகப் பெருக்கியபொழுது அவ்வியைபு சிதைந்தது. நிலையாமை என்னும் பெரும்பொருள் தன் திணையை இழந்து பொதுவியலுள் ஒதுங்கியது. போர் செம்மையாகப் பங்கிடப்பட்டது. போரின் பயன் பற்றிய வினா ஓரத்திற்குச் சென்றது.

இம்மாற்றங்களை உரையாசிரியர் வாளா ஏற்றிலர். வெட்சியுள், வேந்தன் ஏவலாற் செல்லுதலும் ஏவலின்றித் தாமே செல்லுதலும் என இரண்டு கொண்ட பன்னிரு படலத்து வெட்சிப்படலத்தைத் தொல்காப்பியர் கூற்றென்றல் பொருந்தாது என்று இளம்பூரணர் மறுத்தார். தொல்காப்பியர் ஆகோளை வேந்தன் ஏவலுக்கு உரியதாகவே வைத்தார் ஆகலின், ஏவலின்றிச் செல்லுதலைச் சேர்த்தல் முதல்நூலோடு முரணும் என்பது கருத்து. இது சொல்வழக்கன்று. ஆணையின்றிக் கொள்ளும் கொள்ளையும் வீரமாகப் பாடப்படுமா என்னும் அறவழக்கு. ஒரு துறையைச் சேர்த்தல் எளிது. சேர்த்தபின் உலகில் எது புகழ்பெறும் என்பது மாறிவிடுகின்றது. மனைவிதி செய்வோர் முதற்கண் உணர வேண்டுவது இதுவே.

புறங்கொடுத்தார்

மணிமங்கலத்து வினாவிற்கு இனி விடை காண்போம். ஓடுவோனை ஆட்டநூல்கள் எவ்வாறு நடத்துகின்றன? 1979ஆம் ஆண்டு நூலில், கைகலந்த போரினின்று விலகி ஓடுவோனைப் பகைவன் இழப்பொன்றுமின்றி அடித்துக்கொள்ளலாம். அடி முதுகில் விழுதலின் அஃது எளிதிற் படும். 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலும் 2014ஆம் ஆண்டுப் பதிப்பிலும் சிற்சில வேறுபாடுகளோடு இக்கருத்தே நிலவுகின்றது. தன் முறையைச் செலவிட்டு எச்சரிக்கையோடு விலகுவோனுக்கு அவ்வடி இல்லை. திரும்பி ஓடுவோனுக்கு உண்டு. 1975இல் வெளிவந்த துணைநூல் கள்வன் என்னும் பாத்திரவகையைப் புகுத்தி, பின்நின்று அடிக்கும் அடிக்கு மிகைவலியும் அளித்தது. ஆக, ஆட்டநூலிற்கு முதுகு ஒரு வாய்ப்பு.

வெண்பாமாலையின் வஞ்சிப்படலத்துள் தழிஞ்சி என ஒரு துறை உண்டு. தோற்றுப் புறங்கொடுத்தவர்மேல் படைக்கலம் ஓச்சாத பெருவீரத்தை விரும்பிக் கூறுவது அது. திருக்குறளின் படைச்செருக்கு என்னும் அதிகாரமும் இக்கருத்திற்கு அரணாகும். பகைவனுக்கு இடுக்கண் நேர்ந்துழி அவனுக்கு உதவுதலை ஆண்மையின் கூர்மையாக அஃது உரைக்கின்றது. கம்பர் படைக்கலம் இழந்து நின்ற இராவணனை அன்று சென்று மறுநாள் வருமாறு இராமன் விடுத்த செய்தியை அமைத்ததும் இந்நெறி பற்றியே. தமிழ்ப் புறநூலிற்கு முதுகு ஓர் எல்லை.

தழிஞ்சி என்னும் அப்பெயரே தொல்காப்பியத்தில் வேறு பொருளது. ஆண்டு அது போரில் அழிவுற்ற தன் படையினரைத் தழுவிக்கோடலைக் குறித்தது. புண்பட்ட வீரரை நள்ளிரவிற் சென்று காணும் பாண்டியனை நெடுநல்வாடையின் இறுதியிற் காண்கிறோம். தன் புண்பட்டார்க்கு இரங்குதல் ஓர் அறம். பகைவருள் புறங்கொடுத்தார்க்கு இரங்குதல் மற்றோர் அறம். பெயர் ஒன்றாய் நிற்க விதி மாறியது. முன்னதை ஒழித்துப் பின்னது வந்தது என்று கொள்ளாது, இரக்கத்தின் எல்லை தன் படையினின்று பகைப்படைக்கும் விரிந்தது என்று கொள்ளுதல் சாலும்.

புறப்புண் பற்றிய சங்க வழக்கு இதனினும் நுண்ணியது. வெண்ணிப் போரில் கரிகாலன் எதிர்நின்று எறிந்த படைக்கலத்தால் முதுகிற் புண்பட்ட சேரலாதன், அதற்கு நாணி வடக்கிருந்தான். புறநானூற்று 65, 66ஆம் பாடல்கள் இதனைக் கூறும். எறிந்தோன் மார்பையே குறித்தான். எறியப்பட்டோன் ஓடினான் அல்லன். ஆயினும் புண் முதுகில் தோன்றியமையே அவன் உயிருக்கு விலையாயிற்று. வென்றவனை முன்னிலைப்படுத்தியே, நாணி உயிர்நீத்தவன் அவனினும் நல்லன் அல்லனோ என வெண்ணிக்குயத்தியார் வினவினார். உயிரளவை ஓர் எண்ணாகக் கழிக்கும் ஆட்டநூலால் இச்சேரலாதனைக் கணக்கிட இயலாது. அவ்வெண்ணிற்கு முன்பின் இல்லை. எட்டு கழிந்தது எனின், மார்பில் எட்டும் முதுகில் எட்டும் ஒன்றே. உயிரளவு என்பது உடற்புண் மட்டுமன்று, திறமும் நற்பேறும் அடங்கியது எனக் கைகாக்சு விளக்கினார். அவ்விளக்கத்துள்ளும் நாண் இடம்பெற்றிலது.

தும்பைத் திணையும் இவ்வாறே. அம்பும் வேலும் செறிந்த உடல், உயிர் நீங்கியபின்னும் நிலந்தோயாது நிற்றலைத் தொல்காப்பியர் அத்திணையின் தனிச்சிறப்பாகக் கூறினார். ஆட்டத்தில் எண் இன்மையை எய்தியவுடன் பாத்திரம் வீழும். 2014ஆம் ஆண்டுப் பதிப்பு, வீழ்ந்த பாத்திரம் உயிர்பிழைக்குமா என அறிய மும்முறை வெற்றியோ மும்முறை தோல்வியோ வரும்வரை பகடை உருட்டச் செய்கின்றது. சாவு ஆண்டு ஒரு வாய்ப்புக் கணக்கு. ஈண்டு அது நிற்கும் நிலை.

தடைகளும் விடைகளும்

புறத்திணை செய்யுளிலக்கணம், ஆட்டவிதி செயலிலக்கணம், இவற்றை ஒப்பிடல் பொருந்துமோ எனின், பொருந்தும். மேசையில் வாள் இல்லை, குருதி இல்லை, உள்ளது சொல்லே. ‘வெட்டினேன்’ என்று ஒருவர் கூற, ‘பட்டது’ என்று மற்றவர் கூறுகின்றார். எதனைக் கூறலாம், எப்பொழுது கூறலாம் என்பதனையே ஆட்டவிதி வரையறுக்கின்றது. ஆகவே அதுவும் கூற்றிலக்கணமே.

செப்பேட்டுக் கவி பகைவன் முதுகில் எழுதினாரே, அஃது இழுக்கன்றோ எனின், அன்று. அவர் புலிகேசி புறங்காட்டியதனைக் கூறினார். புறங்காட்டியவனை வெட்டியதாகக் கூறவில்லை. எழுத்து பொறித்தல் என்னும் உருவகம், தழிஞ்சிக்கு முரணாகவும் கொள்ளத்தக்கது; இயைபாகவும் கொள்ளத்தக்கது. வடமொழிப் புகழ்மரபில் எழுந்த ஒரு தொடரைத் தமிழ்த் துறைவிதி கொண்டு குற்றங்கூறல் முறையன்று.

அங்ஙனமாயின், சங்ககாலக் களத்தை மேசைமேல் அமைக்க விழைவோர், ஓடுவோனை அடிக்கலாகாது என ஒரு மனைவிதி செய்தால் அமையாதோ எனின், அமையாது. ஈண்டே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை உள்ளது. தழிஞ்சி வீரமாவது, அடிக்கும் ஆற்றலும் உரிமையும் வாய்ந்தவன் அடியாது விடுதலால். அடிக்க இயலாது என விதித்துவிடின் அடியாமைக்குப் புகழ் ஏது? தடைவிதி அறத்தைக் காப்பது போலத் தோன்றி அறத்திற்குரிய இடத்தையே அழித்துவிடும். ஆகலின் நூல் அளித்த இலவச அடியை நீக்காது வைத்து, அதனைக் கைவிடுதற்கு ஒரு மதிப்பு அமைத்தலே தக்கது. புறங்கொடுத்தோனை விடுத்த பாத்திரத்தை மேசையில் மற்றொருவர் பாணராய் நின்று பாடுக. அப்பாட்டு அடுத்த களத்தில் அவன் பெயர்க்கு முன் செல்க. 1981ஆம் ஆண்டு அடிப்படைப் பதிப்பில் பகைவரின் மனவுறுதியை அளக்க இரு பகடை உருட்டும் விதி உண்டு. உறுதி தளர்ந்தோர் ஓடுவர், அல்லது அடங்குவர். விடுத்தவன் புகழை அறிந்த பகைவர் எளிதில் அடங்குவர் என அவ்விதியோடு இதனை இயைக்கலாம். கூறியதன் நெறியைப் பற்றிக் கூறாததனை அமைத்தலின் இது புறனடையாகும். புண்ணை மார்புப்புண், புறப்புண் என இரு நிரலாகக் குறித்தல் வழுவமைதியாகும். அதனை ஆட்டத்தொடக்கத்தில் யாவரும் ஒப்புதல் வேண்டும். பகைவர்க்கும் அது பொதுவாதல் வேண்டும். தனக்கு மட்டும் விழுப்புண் குறித்துக்கொள்ளும் விதி வழுவே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், நூல்விதியும் மனைவிதியும் பகையல்ல என்பதும், நூலின் நெறிபற்றி எழுதல், யாவரும் முன்னரே ஒப்புதல், இரு பக்கத்திற்கும் ஒத்திருத்தல் என்னும் மூன்றுமே நல்ல மனைவிதியின் இலக்கணம் என்பதும், போர்விதியின் மேன்மை அது தடுக்கும் அடிகளால் அன்றிக் கைவிடத் தூண்டும் அடிகளால் அறியப்படும் என்பதும் போதரும். பன்னிரண்டாக விரிந்த புறத்திணையை ஏழின் சிதைவு என்று மட்டும் கூறி ஒதுக்குவாரும், ஏழினைப் பழமை என்று மட்டும் கூறிக் கடப்பாரும், தழிஞ்சி என்னும் ஒரு பெயர் இரு நூல்களிலும் பெற்ற வரலாற்றை ஊன்றி நோக்குதல் நலம்.

அதியமான் பொருட்டுத் தொண்டைமானுழைத் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடியது புறநானூற்றின் 95ஆம் பாடல். பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலில் வைக்கப்பெற்றிருந்தன தொண்டைமானின் படைகள். பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லன் பட்டடையில் கிடந்தன அதியமானின் படைகள். போர்விதிகளும் இவ்விரு வகையினவே. அணிந்து வைத்த நூல்விதி அழகியது. கைப்பட்டு முரிந்து செப்பனிடப்பெறும் மனைவிதி பயன்பட்டது. ஔவையார் கண்ட அத்தொண்டை நாட்டில், இரும்பைக் காய்ச்சியும் வளைத்தும் இணைத்தும் உருவாக்கும் தொழில் இன்று இரவுபகலாக நிகழ்கின்றது. முறை முடிந்து விடுதிக்குத் திரும்பும் இளைஞர் சிலர் ஒரு பகடையை நடுவே வைத்துத் தமக்கென ஒரு களத்தைச் சமைப்பாராயின், அவர்க்குத் தமிழ்ப் புறநூல்கள் கொடுத்தற்குரியது ஒரு திணையின் பெயரன்று. முதுகு காட்டியவன் எதிரே வாளை ஓங்கி நிற்கும் அந்நொடியில் எழும் ஒரு வினாவே.